புனித வாரத்துல ஸ்பெயின், போர்ச்சுகல் மோட்டார்ஹோம்ல போறவங்களுக்கு

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்த ஸ்பெயின்ல செமானா சாந்தான்னு சொல்வாங்க. அந்த வாரம் போறதா இருந்தா மொதல் விஷயம், மோட்டார்ஹோம, அதாவது உள்ளயே தங்கி தூங்குற வண்டிய, ஊருக்குள்ள கொண்டு போகாதீங்க. தெற்கு ஸ்பெயின்ல இருக்கிற செவில் நகரத்துல குருத்தோலை ஞாயித்துக்கெழமலேர்ந்தே பவனிக்காக தெருத்தெருவா அடைச்சிடுவாங்க, ஜிபிஎஸ்க்கு அதெல்லாம் தெரியாது, ஏழு மீட்டர் வண்டிய ஒரு சந்துல திருப்ப முடியாம நாங்க ரெண்டு மணி நேரம் நின்னிருக்கோம், பின்னாடி வந்தவங்கதான் எறங்கி கைய காட்டி வெளிய எடுத்து விட்டாங்க.

செவிலுக்கு தெக்க தோஸ் எர்மானாஸ்னு ஒரு ஊரு, அங்க கேம்பிங், அதாவது காசு குடுத்து வண்டிய நிறுத்தி தங்குற எடம் இருக்கு, சி-1 லோக்கல் ட்ரெயின் புடிச்சா நேரா செவில்தான். எடத்த ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புக் பண்ணி வச்சிக்கோங்க. புதன்கெழம சாயங்காலத்துக்குள்ள போய் நிறுத்திட்டு சனிக்கெழம வரைக்கும் வண்டிய தொடாதீங்க. அந்த ஏரியால பெரிய வியாழன், பெரிய வெள்ளி ரெண்டு நாளும் லீவு, சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிடுவாங்க, அதனால பால், ரொட்டி, காய் புதன்கெழமையே வாங்கிடணும், தண்ணி ரொப்பி டாய்லெட் கேசட்டையும் (கழிவு சேருற பொட்டி) அன்னைக்கே காலி பண்ணிடணும். கேஸ் மட்டும் கெளம்புறப்பவே ஃபுல்லா எடுத்துக்கோங்க, ஒவ்வொரு நாட்டு சிலிண்டருக்கும் வேற வேற ரெகுலேட்டர், அங்க போய் அலைய முடியாது.

கேம்பிங் கெடைக்கலன்னா ரோட்டோரம் பார்க்கிங்ல நிறுத்தி உள்ளயே தூங்கலாம், பார்க்கிங் வேற, கேம்பிங் வேறன்னு ஸ்பெயின்ல கணக்கு, ஆனா ஒரு நாற்காலிய வெளிய போட்டாலோ வண்டி பக்கவாட்டுல இருக்கிற நிழல் துணிய (ஆனிங்) இழுத்து விட்டாலோ அது கேம்பிங் ஆயிடும், ஃபைன்தான். அந்தந்த ஊரு போர்டையும் பாத்துக்கோங்க.

வியாழன் ராத்திரி தூங்காதீங்க, அன்னைக்குதான் மத்ருகா. மொத்தம் ஆறு பக்தி சபை, சிலைகள சப்பரத்துல தூக்கிட்டு விடிய விடிய பவனி, மக்கரேனா மாதா திரும்ப கோயிலுக்கு போய் சேர வெள்ளிக்கெழம மத்தியானம் ஆயிடும். கிரான் போதெர்ங்கிற இயேசு சிலை வர்றப்ப மேளம் கெடையாது, அவ்ளோ கூட்டமும் கப்சிப்புனு ஆயிடும், சப்பரத்துக்கு அடில இருக்கிறவங்க கால் தரைய தேய்க்கிற சத்தம்தான் கேக்கும். சப்பரத்த எறக்கி வச்சிருக்கும்போது கிட்ட போய் நில்லுங்க. முன்னாடி இருக்கிற சுத்திய தலைவர் தட்டுவாரு, அடுத்த நொடி முப்பது பேருக்கு மேல ஒரே மூச்சுல பிடரில வச்சு தூக்குவாங்க, மெழுகுவர்த்தி எல்லாம் ஒரு குலுங்கு குலுங்கும். முக்காடு போட்டு வர்றவங்ககிட்ட சின்னப் பசங்க மெழுகு கேட்டு சொட்டு சொட்டா வாங்கி உருண்ட பண்ணுவாங்க, வருஷா வருஷம் அந்த உருண்ட பெருசாகும். ரோடெல்லாம் மெழுகு கெடக்கும், வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கோங்க, சைக்கிள் வேண்டாம்.

சனிக்கெழம காலைல ஏ-49 ஹைவே புடிச்சு குவாதியானா ஆத்துப் பாலம் தாண்டுனா போர்ச்சுகல். அந்தப் பக்கம் ஏ-22 ஹைவேல 2025 ஜனவரிலேர்ந்து டோல் எடுத்துட்டாங்க. போர்ச்சுகல்ல மணி ஒரு மணி நேரம் பின்னாடி, 2027ல ஈஸ்டர் மார்ச் 28, அன்னைக்கேதான் கோடைக்கால நேரத்துக்காக கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, அதனால சனிக்கெழம கெடைச்ச ஒரு மணி நேரம் ராத்திரியோட போயிடும், அலாரத்த பாத்து வைங்க.

போக வேண்டியது சாவ் ப்ராஸ் த அல்போர்தெல். கடற்கரைய விட்டு உள்ள தள்ளி இருக்கிற சின்ன ஊரு. ஈஸ்டர் காலைல தெரு முழுக்க பூ பரப்பி, ஆம்பளைங்க பூவால கட்டுன தீப்பந்தம் மாதிரி ஒண்ண கைல புடிச்சுட்டு கூட்டம் கூட்டமா அல்லேலூயானு தொண்ட கிழிய கத்திட்டு வருவாங்க. செவில் துக்கத்த பாத்துட்டு இங்க வந்து நின்னா எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. வண்டிய ஊருக்கு வெளியவே விட்டுட்டு சீக்கிரமா நடந்து போங்க.

ராத்திரி தங்குறதுக்கு போர்ச்சுகல்ல கடலோரமும் பாதுகாக்கப்பட்ட ஏரியாவும் கூடாது, மத்த எடத்துல ஒரே முனிசிபாலிட்டில 48 மணி நேரம்தான். திங்கக்கெழம அங்க லீவு கெடையாது, கடை தெறந்திருக்கும், டேங்க் எல்லாம் காலி பண்ணிட்டு நிதானமா வடக்க கெளம்பலாம்.