எஸ்க்யூலைட் வேர்ட்பிரஸ்: வாலை விட்டுவிட்டுக் கோப்பைத் தூக்காதீர்கள்

வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ், ஆற்காட்டு மக்கன் பேடா கடை. இவர்களுடைய தளத்தில் பத்துப் பக்கமும் ஒரு விசாரணைப் படிவமும் இருந்தால் அதிகம். அதற்கென்று தனியாக ஒரு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர் ஓட்டுவது எலி வேட்டைக்குத் தவில் அடிக்கிற கதை. அதனால்தான் இப்போது பலரும், வேர்ட்பிரஸைத் தனி சர்வர் இல்லாமல் ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் ஓட்டவைக்கும் 'எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் இன்டக்ரேஷன்' ப்ளகினுக்கு வருகிறார்கள். வருகிற வேகத்தில், முன்னால் வந்தவர்கள் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். எளிய பாஸ்வேர்ட், அப்டேட் போடாதது போன்றவை ஊரறிந்த சங்கதி, அவற்றை விட்டுவிடுவோம்.

ஓடுகிற தளத்தின் கோப்பை அப்படியே காப்பி எடுப்பது

'மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு, இழுத்துப் போட்டால் பேக்கப் முடிந்தது.' எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிற வாக்கியம் இது. பாதிதான் உண்மை.

வால் முறையை (ரைட்-அஹெட் லாக், எழுதுவதை முதலில் தனிக் கோப்பில் குறித்துவைக்கும் முறை) இயக்கியிருந்தால் புதிதாக எழுதப்படுவது எதுவும் நேராக முதன்மைக் கோப்புக்குப் போவதில்லை. அதே பெயரோடு '-வால்' ஒட்டிய பக்கத்துக் கோப்பில் போய்ச் சேரும். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் அது நிஜமாகவே கோப்பின் வால். அதில் சுமார் 1,000 பக்கம் (டேட்டாபேஸ் தன் கோப்பைப் பிரித்துவைக்கும் துண்டு) சேர்ந்ததும் எஸ்க்யூலைட் அதை முதன்மைக் கோப்பில் கலக்கும். ஒரு பக்கம் 4,096 பைட் என்றால் கிட்டத்தட்ட 4 எம்பி. இல்லையென்றால், திறந்திருக்கும் கடைசி இணைப்பு மூடும்போது கலக்கும்.

சிக்கல் இந்தக் 'கடைசி இணைப்பு'தான். வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி ஒவ்வொரு கோரிக்கைக்கும் டேட்டாபேஸைத் திறந்து மூடுவதால் ஆள் வராத நேரத்தில் வால் மறைந்துவிடும், சும்மா காப்பி எடுத்தாலும் சரியாகவே வரும். பத்து முறை சரியாக வந்ததும் நம்பிக்கை வந்துவிடுகிறது. பதினோராவது முறை, யாரோ எதையோ பார்க்க டெர்மினலில் டேட்டாபேஸைத் திறந்து ஒரு வினவல் ஓட்டிவிட்டு, மூடாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அன்று முழுக்க லாட்ஜுக்கு வந்த 'வர்ற திங்கள் ரெண்டு பெட் ரூம் கிடைக்குமா' விசாரணைகள் எல்லாம் வாலில் உட்கார்ந்திருக்கும். எடுத்துப் போன கோப்பில் ஒன்றுகூட இருக்காது. பிழைச் செய்தியும் வராது. புது சர்வரில் தளம் அழகாகத் திறக்கும், நேற்றைய தேதியோடு.

வால் முறை இல்லாவிட்டாலும் தப்பிக்க முடியாது. எழுத்து நடக்கும் நொடியில் எடுத்த காப்பியில் பாதிப் பக்கம் பழசு, பாதி புதுசு.

இன்னொரு கண்ணி: டேட்டாபேஸ் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குகிறது, அதாவது மறை கோப்பு. டேட்டாபேஸ் ஃபோல்டரில் நட்சத்திரக் குறி போட்டுக் காப்பி எடுத்தால் வந்து சேர்வது ஒரு வெற்று இன்டெக்ஸ் கோப்பு மட்டும்தான்.

சரியான வழி இது. எஸ்க்யூலைட்3 கட்டளையால் கோப்பைத் திறந்து, 'டாட் பேக்கப்' அடித்து, புதுக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். தளத்தை நிறுத்த வேண்டியதில்லை. 'வேக்யூம் இன்டு' என்பதும் ஆகும். 2019-இல் வந்த 3.27 பதிப்பிலிருந்து இருக்கிறது, காலி இடத்தையும் சுருக்கித் தரும். ஷெல் கொடுக்காத ஹோஸ்டிங் என்றால், பிஎச்பி 7.4 முதல் எஸ்க்யூலைட்3 கிளாஸிலேயே பேக்கப் மெத்தட் உண்டு. எடுத்த கோப்பில், அது சிதையவில்லையா என்று பார்க்கும் 'பிராக்மா இன்டெக்ரிட்டி செக்' ஓட்டுங்கள். 'ஓகே' வந்தால் போதாது, கடைசி விசாரணையின் தேதியையும் பாருங்கள்.

திரும்ப ஏற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். முதலில் பிஎச்பியை இயக்கும் சேவையான பிஎச்பி-எஃப்பிஎம்மை நிறுத்துங்கள். அங்கே கிடக்கும் பழைய '-வால்', அதன் துணைக் கோப்பான '-எஸ்எச்எம்' இரண்டையும் அகற்றுங்கள். அப்புறம்தான் கோப்பை வைக்க வேண்டும். பழைய வாலை விட்டுவைத்தால் எஸ்க்யூலைட் அதைப் புதுக் கோப்பின் மேல் ஒட்டப் பார்க்கும். ஒரு மாட்டின் வாலை இன்னொரு மாட்டுக்கு வைத்துத் தைத்ததுபோல் ஆகி, 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு' என்று வந்து நிற்கும்.

கோப்பின் உரிமையாளர்

ரூட்டாக (சர்வரின் நிர்வாகப் பயனராக) கோப்பை ஏற்றினீர்களா? ஃபோல்டரையும் சேர்த்து வெப் சர்வர் பயனருக்கு மாற்றுங்கள். வால் பிறப்பது அந்த ஃபோல்டரில்தான்.

என்ஜின்எக்ஸில் கதவைத் திறந்து வைப்பது

ப்ளகின் எச்டிஆக்சஸ் என்ற அனுமதிக் கோப்பைப் போட்டு டேட்டாபேஸை மறைக்கிறது. அப்பாச்சி வெப் சர்வர் அதைப் படிக்கும், இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் படிக்காது. டெபியன் லினக்ஸில் வரும் என்ஜின்எக்ஸ் மாதிரி அமைப்பில் '.எச்டி' கோப்புகளைத் தடுக்கும் வரிகள் இருக்கின்றன, ஆனால் செயல்படாத கமென்ட்டாக. கமென்ட் குறியை எடுத்துவிட்டு, பிரவுசரில் டேட்டாபேஸ் கோப்பின் முகவரியை நீங்களே அடித்துப் பாருங்கள். 403 அல்லது 404 வர வேண்டும். கோப்பு இறங்கத் தொடங்கினால் பயனர் பட்டியலும் பாஸ்வேர்ட் ஹாஷும் ஊருக்கே பொது. கோப்பின் இடத்தைச் சொல்லும் டிபி_டிஐஆர் மாறிலியை வைத்துக் கோப்பை வெப் ரூட்டுக்கு (பிரவுசருக்கு எட்டும் ஃபோல்டருக்கு) வெளியே தள்ளிவிடுவது இன்னும் நிம்மதி.

ப்ளகினைப் போட்டதும் பழைய பதிவுகள் வரும் என்று நம்புவது

வராது. புது டேட்டாபேஸ் காலியாகத்தான் தொடங்கும். பழையது மைஎஸ்க்யூஎல்லில் பத்திரமாக இருக்கிறது, பதறாதீர்கள். எக்ஸ்எம்எல் ஏற்றுமதி எடுத்து இறக்குங்கள்.

ஆர்டர் எடுக்கும் கடைத் தளம்

எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மரியாதையாக மரியாடிபி டேட்டாபேஸ் சர்வர் போடுங்கள்.

அகரவரிசையைச் சோதிக்காமல் விடுவது

எஸ்க்யூலைட் வழக்கமாக பைட் வரிசையில், அதாவது எழுத்துகளின் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். யூனிகோடில் புள்ளியின் இடம் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால். அதனால் கண்ணமங்கலத்துக்கு முன்னால் கணியம்பாடி வந்துவிடும். ழ, ள, ற மூன்றும் வகரத்தைத் தாண்டி முன்னால் குதிக்கும். கிளைப் பட்டியலில் வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முதல் தவறு இதுதான். பட்டியல் சிறிது என்றால் பிஎச்பியின் இன்டல் நீட்சியிலுள்ள, அகரவரிசைப்படி அடுக்கும் கொலேட்டரைத் தமிழுக்கு அமைத்து, எடுத்த பிறகு அடுக்குங்கள்.

தேடலிலும் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். 'சோளிங்கர்' என்பதன் ஓகாரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகச் சேர்ந்தும் இருக்கலாம். பழைய எழுத்துரு மாற்றிகள் சில இரண்டாவது வகையைத் தரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எஸ்க்யூலைட்டுக்கு வேறு வேறு. சேமிக்கும்போதே, இரண்டையும் ஒன்றாக்கும் நார்மலைசர் வழியாக ஒரே குறி வடிவமான 'ஃபார்ம் சி'க்கு மாற்றிவிடுங்கள், தேடுசொல்லையும் அதே வழியில் அனுப்புங்கள். ஏற்கெனவே உள்ளே போன பதிவுகளுக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் ஓட்ட வேண்டிவரும், பேக்கப் எடுத்த பிறகு.