ஹாஸ்டலில் ஃப்ளூ பரவினால்: புது வார்டனுக்கு ஒரு செய்முறை

நான் வார்டனான முதல் வருடம், ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் ஒரு பையன் இருமிக்கொண்டே மெஸ்ஸுக்கு வந்தான். கேட்டதற்கு, "சும்மா சளிதான் சார்" என்றான். நான்காம் நாள் அதே மாடியில் 11 பேர் போர்வைக்குள் கிடந்தார்கள். இன்டர்னல் தேர்வு நேரம், காய்ச்சல் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பாதிப் பேர் மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

அதனால் முதல் வேலை சானிடைசர் வாங்குவதல்ல, அட்டென்டன்ஸைச் சரிசெய்வது. துறைத் தலைவர்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். காய்ச்சல் லீவுக்கு வார்டன் கையெழுத்தே போதும், தவறவிட்ட தேர்வை அப்புறம் எழுதலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வையுங்கள். அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே என் அறை வாசலில் வரிசை நின்றது. மெஸ் ஊழியர்களுக்கும் இதே கதைதான். தினக்கூலிக்காரர் இருமலை மறைக்காமல் என்ன செய்வார்? அவருக்குச் சம்பளத்தோடு லீவு வாங்கிக் கொடுங்கள்.

இரண்டாவது, ஒரு நோட்டு. அறை எண், காய்ச்சல் தொடங்கிய நாள், காலை மாலை வெப்பநிலை, வீட்டு போன் நம்பர். ஃப்ளூ கிருமி உடம்பில் புகுந்து 1 முதல் 4 நாட்களுக்குள் காய்ச்சலாக வெளிப்படும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். ஆகவே ஒருவர் பெயரை எழுதினால், அறைத் தோழர்களையும் 4 நாள் கவனியுங்கள். ஒரே மாடியில் மூன்று நாளில் மூன்று பேர் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

மூன்றாவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். இது ஃப்ளூவா, டெங்குவா? மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். திடீர்க் காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலி, வறட்டு இருமல் என்றால் பெரும்பாலும் ஃப்ளூ. இருமல் இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலியும் தோலில் தடிப்பும் இருந்தால் டெங்குவைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய நமக்குத் தகுதியில்லை. ரத்தப் பரிசோதனையை மருத்துவர் சொல்வார். அதுவரை பாராசிட்டமால் மட்டும். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடவே கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்கண்ணே" என்று வாங்கிவரும் பழக்கத்தைத் தடுங்கள். அந்தக் காகிதப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கே தெரியாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களை முதல் நாளே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஃப்ளூ வைரஸுக்கான மருந்து ஒசெல்டாமிவிர் தேவை என்று அவர் நினைத்தால், அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

நான்காவது, தனி இடம். விருந்தினர் அறையோ டிவி ஹாலோ, ஜன்னல் திறந்து காற்று வரவேண்டும். கட்டில்களுக்கு நடுவே ஆறடி. தனி பாத்ரூம், தனி பக்கெட், மக். பிளக் பாயிண்டுகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போன் சார்ஜ் போட முடியாத அறையில் எந்தப் பையனும் இருக்க மாட்டான், ராத்திரியே நழுவிவிடுவான்! மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாவிட்டால் சொந்த அறைக்குத் திரும்பலாம், அதன்பின்னும் சில நாள் மாஸ்க்கோடு.

மெஸ்ஸில் பொது டம்ளரை எடுத்துவிடுங்கள், குழாயடியில் சோப்பு தீராமல் பாருங்கள். கஞ்சியும் ரசம் சாதமும் ஒரே ஆள் கொண்டுபோய் வாசலில் வைத்தால் போதும்.

எப்போது 108? மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டுவது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினால் அது நிமோனியாவாக இருக்கலாம். டெங்குவில் நேர்மாறு, காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம்.

ஹாஸ்டலையே மூடிவிடலாமா என்று நிர்வாகம் கேட்கும். 2023 மார்ச்சில் புதுச்சேரியில் காய்ச்சல் பரவியபோது 8-ஆம் வகுப்பு வரை விடுமுறை விட்டார்கள். அது தினமும் வீடு திரும்பும் குழந்தைகள் விஷயம். நம் பையன்களை ஒரே நாளில் கிளப்பினால், காய்ச்சலோடு எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய், வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் கொடுப்பார்கள். அப்பா காரோடு வந்தால் மட்டும் அனுப்புங்கள் என்பேன்.

ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதனால் அது ஆவணியிலேயே முடிக்க வேண்டிய வேலை.

கடைசிப் பெயரை எழுதி எட்டு நாள் கழிந்தும் புதுக் காய்ச்சல் இல்லையென்றால் டிவி ஹாலைக் காலி செய்யலாம். மெத்தைகளை மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். நோட்டைத் தூக்கி எறியாதீர்கள், அடுத்த ஐப்பசிக்கு வேண்டும்.