ஸ்கோபி, கிராஃபி, டமி: வாலைப் பிடித்துச் சொல்லைப் பிரிக்கும் வழி

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கும் சீட்டிலும், கடல்வாழ் உயிரினம் படிக்கும் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டிலும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: எண்டோஸ்கோபி, எக்கோகார்டியோகிராம், பயாப்சி, மைக்ரோஸ்கோபி. ஆங்கிலம் என்று மிரள வேண்டாம். ஆங்கிலத்துக்கே இவை கடன் சரக்கு. துண்டுகள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. இருபது முப்பது துண்டு கைவசம் இருந்தால் முக்கால்வாசிச் சொல்லைப் பிரித்துவிடலாம்.

முதலில் வாலைப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிற மாதிரிதான் இங்கேயும். கொலனோஸ்கோபியில் ‘கோலோன்’ பெருங்குடல். ‘ஸ்கோபேயின்’ என்றால் உற்றுப் பார்ப்பது. ‘குடல்நோக்கல்’ என்று நம் வரிசையிலேயே நிற்கிறது. எந்த இடம் என்பதைத் தலை சொல்லும், அங்கே என்ன செய்யப்போகிறார்கள் என்பதை வால் சொல்லும்.

ஸ்கோப் என்று முடிந்தால் கருவி, ஸ்கோபி என்று முடிந்தால் அந்தக் கருவியால் பார்க்கும் முறை. ‘கிராஃபேயின்’ எழுதுவது. தந்தி அனுப்பிய சாதனம் டெலிகிராஃப், வீட்டு வாசலில் கைக்கு வந்த தாள் டெலிகிராம். அதே கணக்கில் இ.சி.ஜி.யில் கடைசி எழுத்தான ‘ஜி’ கிராம்தான், நெஞ்சில் கம்பி ஒட்டி எடுத்த அந்த நீளத்தாளைக் குறிக்கும். (போட்டோகிராஃப் போல, கிராஃப் என்ற வால் படத்தையே குறிப்பதும் உண்டு.) மெட்ரி அளப்பது, கடலாழம் அளப்பது பேத்திமெட்ரி. விசைப்படகில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரிலும், ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு எடுக்கும் எக்கோவிலும் இருப்பது ஒரே கிரேக்கச் சொல்தான்: எதிரொலி.

‘ஆப்சிஸ்’ என்றால் பார்வை. பயாப்சி என்பது உயிருள்ள உடம்பிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது, ‘பயோஸ்’ உயிர். அந்தச் சொல் கேட்டதுமே கேன்சர் என்று அழத் தொடங்குகிறார்கள். சொல்லுக்குள் நோயின் பெயரே கிடையாது.

ஆள் அதிகம் தடுக்கி விழுவது ஸ்கோபிக்கும் டமிக்கும் நடுவில்தான். டமி வெட்டுவது. ஸ்டமி, ‘ஸ்டோமா’ என்னும் வாயிலிருந்து வந்தது. புதிதாக ஒரு வாய் திறப்பது. எக்டமியில் ‘எக்’ வெளியே; வெட்டி வெளியே எடுத்துவிடுவது. கொலனோஸ்கோபி என்றால் முந்தின நாள் பேதிமருந்து குடித்துக் குடலைக் காலி பண்ணிக்கொண்டு போய், ஆசனவாய் வழியாக கேமரா குழாய் விட்டுப் பார்த்து, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கொலாஸ்டமி என்றால் வயிற்றில் திறப்பு வைத்து, மலம் பையில் வந்து விழும். காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆகவே சீட்டு கையில் வந்ததும் கடைசி நாலைந்து எழுத்தை மட்டும் விரல் வைத்துப் பாருங்கள். கிறுக்கலாக இருந்தால், ‘பார்க்கிறதா, திறக்கிறதா, எடுக்கிறதா?’ என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

நீளமான ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறோம்: லேப்ராஸ்கோபிக் கோலிசிஸ்டெக்டமி. பின்னாலிருந்து வாருங்கள். எக்டமி, வெட்டி எடுப்பது. ‘கிஸ்டிஸ்’ பை. ‘கோலே’ பித்தம். ஆக, பித்தப்பையை எடுப்பது. முன்னால் நிற்பதில் ‘லப்பாரா’ என்பது விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதி. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, உள்ளே கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, கேமராவில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். ஸ்கோபி என்ற வால் பார்ப்பதை மட்டும்தான் சொல்கிறது. துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனையும் அந்தப் பெயராலேயே அழைப்பது பிற்பாடு வந்த பழக்கம். லேப்ராடமி என்று எழுதியிருந்தால் வயிற்றைத் திறந்து செய்வது.

துண்டுகளை ஒட்டுவது ‘ஓ’. அடுத்த துண்டு உயிரெழுத்தில் தொடங்கினால் வால் முன் அது விழுந்துவிடும்: கேஸ்ட்ரோஸ்கோபி, ஆனால் கேஸ்ட்ரெக்டமி. இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் மட்டும் விழாது. கேஸ்ட்ரோஎன்டராலஜியில் இரைப்பையும் குடலும் அப்படியே ஒட்டி நிற்கின்றன.

தலைத் துண்டுகளை மனப்பாடம் பண்ணுவதைவிட கையில் கிடைக்கும் பொருளோடு கட்டிவைப்பது மேல். கத்தாழை மீனின் தலையை உடைத்தால் வெள்ளைக் கல் இரண்டு கிடைக்குமே, அதன் பெயர் ஓட்டோலித்: ‘ஓட்டோ’ காது, ‘லித்தோஸ்’ கல். அதை இழைத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது ஓட்டோஸ்கோபி. கிட்னியில் கல்லை உடைப்பது லித்தோடிரிப்ஸி. ஒரு மீன் தலைக்கு மூன்று சொல்.

பிரித்தாலும் ஏமாற்றும் சில உண்டு. ஸ்டெதஸ்கோப்பில் யாரும் எதையும் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள்; 1816இல் பாரிஸில் அதை உருவாக்கிய லென்னெக் நெஞ்சைக் குறிக்கும் ‘ஸ்டேதோஸ்’ என்பதோடு ஸ்கோப்பை ஒட்டிவிட்டார். அங்கே அந்த வாலை ‘ஆராய்வது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயும் ஸ்பெக்ட்ராஸ்கோபியின் தலை லத்தீன், வால் கிரேக்கம். போட்டோகாப்பி ஸ்கோபியே அல்ல. அது வேறு ‘காப்பி’. மாறாக, வால் தெரியாமல் ஒளிந்திருப்பது பிஷப்பில்; ‘எபிஸ்கோபோஸ்’ தேய்ந்து வந்த சொல் அது: ‘எபி’ மேலே, ‘ஸ்கோபோஸ்’ பார்ப்பவர், மேற்பார்வையாளர். ஓரியூர் திருவிழாவுக்கு வரும் ஆயரும் மைக்ரோஸ்கோப்பும் சொல்வழியில் பங்காளிகள்.

வைவாவிலோ இன்டர்வியூவிலோ சொல்லும்போது அழுத்தம் இடம் மாறுவதைக் கவனியுங்கள். கருவிக்குப் பெரும்பாலும் முதல் அசையில்: மைக்ரஸ்கோப். முறைக்கு, ஸ்கோபிக்கு நேர் முந்தின அசையில்: மைக்ராஸ்கபி, எண்டாஸ்கபி, கோலனாஸ்கபி. கிராஃபி, மெட்ரி, டமி எல்லாவற்றுக்கும் இதே விதி. பயாப்சியும் ஆட்டாப்சியும் (பிரேதப் பரிசோதனை) மட்டும் தலையிலேயே அழுந்தும்: பயாப்சியில் ‘ப’, ஆட்டாப்சியில் ‘ஆ’.