ஸ்ட்ரேஸ் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறையில் ஓர் எடைமேடை. நெல் ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கின்றன, திரையில் எடை நகரவில்லை. புரோகிராம் நின்றுபோகவும் இல்லை, ஓடவும் இல்லை. அப்படியே உறைந்து கிடக்கிறது. லினக்ஸ் கணினிதான், சரி என்று ஸ்ட்ரேஸில் (இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் ஒரு புரோகிராம் விடுக்கும் அழைப்புகளை, அதாவது சிஸ்டம் கால்களை, வரிவரியாகக் காட்டும் கருவி) '-பி' போட்டு புரோகிராமின் எண்ணைக் கொடுத்தேன். வந்தது ஒரே வரி: ஃப்யூடெக்ஸ், அதாவது பூட்டு (லாக்) திறக்கக் காத்திருக்கும்போது வரும் அழைப்பு. அதற்குமேல் அசைவில்லை. அந்தப் பூட்டில்தான் சிக்கல் என்று முடிவுகட்டி, சோர்ஸ் கோடைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணா, இன்னும் நேரமாகுமா?" என்று டிரைவர்கள் மாறி மாறிக் கேட்டார்கள்.

சோர்ஸ் கோடில் தவறே இல்லை. '-பி' மட்டும் போட்டால் ஒரு த்ரெட்டை, அதாவது புரோகிராமுக்குள் இணையாக ஓடும் கிளைகளில் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறோம். அது வேறொரு த்ரெட்டுக்காகக் காத்திருந்தது. '-எஃப்' சேர்த்தால் எல்லா த்ரெட்டும் தெரியும். '-ஒய்' சேர்த்தால் வெறும் எண்ணாக வரும் கோப்புக்குப் பக்கத்திலேயே அதன் பெயரும் வரும். இரண்டையும் சேர்த்துப் போட்டதும், சீரியல் போர்ட்டின் பெயரோடு ஒரு 'ரீட்' பதிலுக்குக் காத்து நிற்பது கண்ணில் பட்டது. எடைக் கருவியிலிருந்து வரும் கேபிள் தளர்ந்திருந்தது. அழுத்திச் செருகினேன், எடை வந்துவிட்டது. த்ரெட் உள்ள புரோகிராமில் '-எஃப்' இல்லாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்தது, 'ஈநோஎன்ட்' என்ற வரியைக் கண்டதும் பதறுவது. அந்தக் கோப்பு அந்த இடத்தில் இல்லை என்பதுதான் அதன் பொருள். நலமாக ஓடும் புரோகிராம்கூட லைப்ரரியைத் தேடும்போது நாலு ஃபோல்டரில் இல்லை என்று கேட்டு, ஐந்தாவதில் எடுத்துக்கொள்ளும். எனவே கீழிருந்து மேலே படியுங்கள்: பிழைச் செய்தியை எழுதிய 'ரைட்' வரியைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னால் எது தோற்றது என்று பாருங்கள்.

'ஓப்பன்' என்று மட்டும் வடிகட்டினால் பல சமயம் ஒன்றுமே வராது. லினக்ஸ் புரோகிராம்கள் பயன்படுத்தும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி இன்று உள்ளே அழைப்பது 'ஓப்பன்ஆட்'. சதவீதக் குறியுடன் 'ஃபைல்' என்று கொடுத்தால் கோப்புப் பெயர் வரும் அழைப்புகள் மொத்தமும் கிடைக்கும்.

கூட்டமுள்ள சர்வரில் யோசிக்காமல் போடுவதுதான் எனக்குப் பெரிய பயம். 2017-இல் ஜிஎஸ்டி வரும்வரை தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் காத்துக் கிடந்தது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஸ்ட்ரேஸும் அப்படித்தான், பீட்ரேஸ் என்ற கர்னல் வசதி வழியாக ஒவ்வொரு சிஸ்டம் காலையும் நுழையும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை நிறுத்துகிறது. இடைவிடாமல் ரீட், ரைட் செய்யும் டேட்டாபேஸ் இதில் பல மடங்கு மந்தமாகும். சில நொடிகள் மட்டும் பிடித்துவிட்டு விலகுங்கள். நெடுநேரம் கவனிக்க வேண்டுமென்றால் பெர்ஃப் ட்ரேஸ் என்ற கருவி இலகுவானது.

'-சி' தரும் அட்டவணையிலும் கவனம் வேண்டும். அது கர்னல் செலவிட்ட சிபியு நேரம்; காத்திருந்த நேரம் அதில் வராது. அதற்கு '-டபிள்யு' சேர்க்க வேண்டும்.

அப்புறம், ஸ்ட்ரேஸ் பதிவுக் கோப்பைப் பிறருக்கு அனுப்புவது. வழக்கமாக ஒவ்வொரு சரத்திலும் 32 எழுத்துதான் காட்டும் என்பதால் '-எஸ்' போட்டு நீட்டிக்கொள்கிறோம். நீட்டியதும் 'ரீட்', 'ரைட்' வரிகளில் கான்ஃபிக் கோப்பின் உள்ளடக்கம் அப்படியே வந்துவிடும், டேட்டாபேஸ் கடவுச்சொல் உட்பட. வாட்ஸ்அப்பில் நண்பருக்குத் தட்டிவிடும் முன் அந்தக் கடவுச்சொல்லைப் பதிவுக் கோப்புக்குள் ஒரு முறை தேடிப் பாருங்கள். இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றால் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.