குருத்தோலையில சிலுவை மடிக்கிறது எப்படி

குருத்தோலை ஞாயிறு (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) சர்ச்ல பூசை முடிஞ்சதும் பசங்க ஓலையை நீட்டிக்கிட்டு "ஆன்ட்டி எனக்கும் ஒரு சிலுவை"ன்னு சுத்தி நின்னுக்குவாங்க, இந்த வருஷம் நீங்களே மடிச்சுக் குடுங்க, ரொம்ப ஈஸி.

ஓலை கோயில்லயே குடுப்பாங்க. அன்பியத்துக்கு (அக்கம்பக்கத்து கத்தோலிக்கக் குடும்பங்க கூடுற குழு) மொத்தமா பண்றதா இருந்தா கோயம்பேட்டுல தோரணத்துக்கு விக்கிற தென்னங்குருத்து போதும், ஆனா இளமஞ்சளா பாத்து வாங்குங்க, பச்சையா முத்தினது மடிச்சா ஒடிஞ்சிடும். சென்னை வெயிலுக்கு சீக்கிரம் சுருண்டுடும், அதனால ஈரத்துணியில சுத்தியே வைங்க.

ஒரு ஓலையில நடு ஈர்க்கை உரிச்சா ரெண்டு நீளத் துண்டு வரும். முதல் துண்டை ரெண்டு சாண் அளவுக்கு வெட்டி பாதியா மடிங்க, மடிப்பு மேல இருக்கட்டும், இதுதான் சிலுவையோட உடம்பு. ரெண்டாவதுல ஒரு சாண் வெட்டி ரெண்டு முனையையும் நடுவுல சேர்ற மாதிரி மடிச்சா கை ரெடி. அந்தக் கையை உடம்போட ரெண்டு மடிப்புக்கு நடுவுல, மேலருந்து மூணுல ஒரு பங்கு கீழே செருகுங்க. மிச்ச ஓலையை மெல்லிசா கிழிச்சு, சேர்ற இடத்துல குறுக்க ரெண்டு சுத்து, எதிர்ப்பக்கம் குறுக்க ரெண்டு சுத்து, முன்னாடி பெருக்கல் குறி மாதிரி தெரியணும், வால் முனையை ஈர்க்கு நுனியால பின்பக்கச் சுத்துக்குள்ள தள்ளிடுங்க. இறுக்கமா கட்டுறதுதான் முக்கியம், காய்ஞ்சா ஓலை சுருங்கி லூஸ் ஆயிடும்.

மடிக்கும்போதே பசங்களுக்கு கதையையும் சொல்லிடுங்க. இயேசு எருசலேமுக்குள்ள வந்தது போர்க்குதிரை மேல இல்ல, கழுதை மேல, செக்கரியா 9:9ல முன்னாடியே எழுதியிருந்த மாதிரி. ஜனங்க குருத்தோலையோட எதிர்கொண்டு போனதை யோவான் 12:13 சொல்லுது, அவங்க கத்தின ஓசன்னா வெறும் வாழ்க கோஷம் இல்ல, "எங்களைக் காப்பாத்துங்க"ன்னு ஒரு கெஞ்சல். 4ஆம் நூற்றாண்டுல எஜேரியான்னு ஒரு அம்மா எருசலேமுக்கு யாத்திரை போய் அங்க நடந்த பவனியை எழுதி வச்சிருக்காங்க, சாயங்காலம் ஒலிவ மலையிலருந்து எல்லாரும் இறங்கி வர்றாங்க, நடக்கத் தெரியாத குழந்தைங்க கூட அப்பா அம்மா தோள்ல உக்காந்து கையில ஓலையோ ஒலிவக் கிளையோ பிடிச்சிருக்காங்க. நம்ம சாந்தோம் பக்கம் பவனியில அப்பா தோள்ல ஓலையை ஆட்டிக்கிட்டுப் போற குட்டிப் பாப்பாவை பாக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும், அப்படியே சிலிர்த்துடும். குளிர் நாடுகள்ல பனை, தென்னை கிடையாதே, ரஷ்யாவுல வில்லோ மரக்கிளைதான்.

ஃபாதர் மந்திரிச்ச (ஆசீர்வதிச்ச) ஓலையை குப்பையில மட்டும் போட்டுடாதீங்க ப்ளீஸ். வீட்டுல பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில இருக்கிற இயேசு சிலை) பின்னாடி செருகி வைங்க, அடுத்த வருஷம் தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதனுக்கு முன்னாடி கோயில்ல கேப்பாங்க, அப்போ குடுத்துடுங்க. அதை எரிச்ச சாம்பலைத்தான் ஃபாதர் நம்ம நெத்தியில பூசுவாரு.