விழுந்து மூச்சு அடைத்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள்

பொங்கல் வந்தால் கொங்குப் பக்கம் பல ஊர்களில் கபடி நடக்கும். ஆள் மேல் ஆள் விழ, அடியில் மாட்டிய பையன் வாயைத் திறக்கிறான், மூச்சு வரவில்லை. பேச்சும் வரவில்லை, கண் மிரள்கிறது. உடனே நாலு பேர் ஓடிவந்து அக்கறையோடு செய்கிற காரியங்கள்தான் பல நேரம் தவறாகிவிடுகின்றன.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது கீழே இறங்கினால்தான் நுரையீரலுக்குள் காற்று வரும். மேல்வயிற்றிலோ முதுகிலோ பலமாக அடிபட்டால் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். விக்கல் எடுப்பதும் இதே தசை துடிப்பதால்தான். பெரும்பாலும் சில நொடிகளில் பிடிப்பு விட்டுவிடும், ஓரிரு நிமிடத்தில் மூச்சு சீராகும். தொண்டையில் எதுவும் சிக்கவில்லை என்பதால் முதுகில் தட்டிப் பயனில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தூக்கி விடுவதும் வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். "தண்ணி குடுங்க" என்று ஒரு குரல் வராமல் இருக்காது. மூச்சுக்குத் திணறுகிறவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். தடங்கலில்லாமல் பேசுகிற வரைக்கும் எதுவும் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, "ஒண்ணுமில்ல சாமி, எந்திரி" என்று கையைப் பிடித்து இழுப்பது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவரையோ, கிணற்று மேட்டிலிருந்தோ பைக்கிலிருந்தோ விழுந்தவரையோ இப்படி இழுத்தால், கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருக்கும் பட்சத்தில் தண்டுவடமே பழுதாகிவிடலாம். விழுந்தபடியே படுத்திருக்கட்டும். ஒருவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். வாந்தி எடுத்தால் மட்டும் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே சேரத் திரும்பும்படி நாலு பேர் சேர்ந்து ஒருக்களிக்க வையுங்கள்.

நின்ற இடத்திலேயே விழுந்த சாதாரண விழுகை, கழுத்தில் வலியில்லை, கைகால் நன்றாக அசைகிறது என்றால் இவ்வளவு பயம் தேவையில்லை. கூட்டத்தை விலக்கி, பெல்ட்டைத் தளர்த்துங்கள். முழங்காலை மடக்கிப் படுப்பதோ முன்னால் சாய்ந்து உட்காருவதோ அவர் விருப்பம். "மெதுவா வெளியே ஊதுங்க" என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தாலே பதற்றம் அடங்கும்.

அப்புறம், மூச்சு வந்ததும் ஆட்டத்துக்குத் திரும்புவது. இது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். இடது விலா எலும்புக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் கிழிந்தால் ரத்தம் உள்ளேயே கசியும். சில சமயம் நாட்கள் கழித்துத்தான் தெரியவரும். தோளில் அடியே படாமல் இடது தோள் வலிப்பது அதன் ஒரு அடையாளம். வயிறு கல்லாக இறுகுவது, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, நேரம் ஆக ஆகத் திணறல் கூடுவது, இதில் எது இருந்தாலும் வலி மாத்திரை போட்டுத் தூங்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சைக்கிளிலிருந்து விழுந்து ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய குழந்தையை இன்னும் கவனமாகப் பாருங்கள். வெளியே சின்னச் சிராய்ப்புதான் இருக்கும். உள்ளே கணையமோ குடலோ அடிபட்டிருக்கலாம். வயிற்று வலி தொடர்ந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றே டாக்டரிடம் காட்டி, எது எங்கே குத்தியது என்பதையும் சொல்லிவிடுங்கள்.