பிரெக்சிட் வாக்கையும் குடியேற்றத்தையும் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று பிரிட்டனில் வாக்களித்தவர்களில் 51.9 சதவீதம் பேர் சொன்னார்கள். இதற்குக் காரணம் கேட்டால், "வெளிநாட்டுக்காரர்கள் மேல் வெறுப்பு, அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. "குடியேற்றமெல்லாம் சும்மா, உண்மையான பிரச்சினை இறையாண்மை" என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் வாக்காளரைப் பார்க்காமலே பேசுகிற பேச்சு. எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கவலையோடு, அதை யார் முடிவு செய்கிறார்கள், நாம் கேட்டால் அரசு நேர்மையாகப் பதில் சொல்கிறதா என்ற கேள்விகளும் அந்த வாக்கில் கலந்திருந்தன. இது புரியாததால் வரும் தவறுகள் பல. நான் அடிக்கடி பார்க்கும் சிலவற்றை எழுதுகிறேன்.

எல்லா வரவையும் ஒரே மூட்டையில் கட்டுவது

மிகப் பரவலான தவறு இதுதான். பிரிட்டனுக்குள் அப்போது மூன்று வழிகளில் மக்கள் வந்தார்கள். முதலாவது, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள். விசா இல்லாமல் வரலாம், வேலை பார்க்கலாம், தங்கலாம்; இதைத்தான் தடையற்ற நடமாட்டம் என்பார்கள். உறுப்பு நாடாக இருக்கும்வரை பிரிட்டன் அரசால் இதை நிறுத்த முடியாது. இரண்டாவது, இந்தியா, நைஜீரியா, சீனா போன்ற நாடுகளிலிருந்து விசா வாங்கி வருகிறவர்கள். இதன் விதிகளை லண்டனே எழுதியது. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கு இதில் பெரிய வேலை இல்லை. மூன்றாவது, புகலிடம் கேட்டு வருகிறவர்கள்.

2015-ஆம் ஆண்டுக்கான நிகர குடியேற்றம், அதாவது வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் மிஞ்சும் எண், 3,33,000 என்று வாக்கெடுப்புக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு வெளியானது. அதை உடைத்துப் பார்த்தால் ஒன்றியத்திலிருந்து 1,84,000, மற்ற நாடுகளிலிருந்து 1,88,000. வெளியேறிய பிரிட்டிஷ்காரர்களைக் கழித்த பிறகுதான் மொத்தம் 3,33,000 ஆனது. ஆக, ஒன்றியத்தை விட்டு வெளியேறினாலும் வரவில் பாதிக்கு மேல் அப்படியே தொடரலாம் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

ஆனால் பிரசாரம் மூன்றையும் கலந்தது. 2016 ஜூன் 16 அன்று, வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்த யுகிப் கட்சியின் அப்போதைய தலைவர் நைஜல் ஃபராஜ் திறந்து வைத்த விளம்பரப் பதாகையில் நீளமான மனித வரிசை ஒன்று இருந்தது. அது 2015-ல் குரோஷியாவிலிருந்து ஸ்லோவேனியாவுக்குள் நடந்து போன அகதிகளின் படம். உறுப்பு நாடுகள் பலவற்றுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் வலயத்தில் பிரிட்டன் இல்லை. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு டோவர் துறைமுகத்துக்குள் நுழைய எந்த உரிமையும் இல்லை. துருக்கி ஒன்றியத்தில் சேரப் போகிறது என்ற விளம்பரமும் அப்படித்தான். 2005-ல் தொடங்கிய பேச்சுவார்த்தை எங்கும் நகராமல் கிடந்தது, ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் அதைத் தடுக்கும் அதிகாரமும் இருந்தது. பிரசாரம் கலந்ததை, பத்து வருடம் கழித்து விளக்கம் எழுதுகிற நாமும் கலக்கக் கூடாது.

வந்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, வேகத்தை மறப்பது

"லண்டனில்தான் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம். ஆனால் லண்டன் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தது. அப்படியென்றால் குடியேறியவர்களையே பார்க்காதவர்கள்தான் பயந்து வாக்களித்தார்கள்." இந்த வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. லண்டனில் 59.9 சதவீதம் பேர் நீடிக்க வாக்களித்தது உண்மை. தென் லண்டனின் லாம்பெத்தில் அது 78.6 சதவீதம்.

இப்போது இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் நகரத்துக்கு வருவோம். நாட்டிலேயே அதிகமாக, 75.6 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்த இடம். சுற்றிலும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வயல்கள். அறுவடை செய்ய, கழுவ, பெட்டியில் அடைக்க எப்போதும் ஆள் தேவை. அங்கே 2004-க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. 2011 கணக்கெடுப்பு எடுத்தபோது பத்தில் ஒருவர் போலந்து, லிதுவேனியா, லாட்வியா போன்ற புதிய உறுப்பு நாடுகளிலிருந்து வந்தவர். நகரத்தின் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் போலந்து, லிதுவேனியக் கடைகள் வரிசையாக வந்தன. வேலை பெரும்பாலும் ஏஜென்சி மூலம், அன்றன்றைக்கு. வீடுகளில் நெருக்கியடித்துத் தங்க வேண்டிய நிலை, வாடகை ஏற்றம், மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பு என்று எல்லாம் சேர்ந்து, ஏழெட்டு வருடத்துக்குள் ஊரே வேறாகிவிட்டது. பாஸ்டன்காரர்கள் குடியேறியவர்களைப் பார்க்காதவர்கள் அல்ல. தினமும் பார்த்தவர்கள்.

லண்டன் பல தலைமுறையாக வெளியாட்களை ஏற்றுப் பழகிய நகரம். பாஸ்டனுக்கு அந்தப் பழக்கத்துக்கே நேரம் கிடைக்கவில்லை. அதனால் ஓர் ஊரில் இன்றைக்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்காமல், எத்தனை வருடத்தில் அது எவ்வளவு மாறியது என்றும் கேளுங்கள்.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2004 மே மாதம் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, வேலைச் சந்தையை முதல் நாளே திறந்துவிட்டவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டும்தான். ஜெர்மனி 2011 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தது. வருடத்துக்கு நிகரமாக 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்று பிரிட்டிஷ் அரசுக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு கணித்தது. மற்ற பெரிய நாடுகளும் திறக்கும் என்ற அனுமானத்தின் மேல் போட்ட கணக்கு அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்ந்த போலந்தில் பிறந்தவர்கள் 2001-ல் சுமார் 58,000; 2011-ல் 5,79,000. பிரஸ்ஸல்ஸ் மேல் விழுந்த பழியில் ஒரு பகுதி லண்டனில் எடுத்த முடிவுக்குப் போக வேண்டியது.

ஊர் முடிவைத் தனி மனிதர் தலையில் ஏற்றுவது

லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் நகரம் 54.3 சதவீதத்தோடு வெளியேற வாக்களித்தது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வெள்ளை பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்குதான். இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்கள் நிறைய. இதை வைத்து "அங்குள்ள ஆசியர்கள் வெளியேறவே விரும்பினார்கள்" என்று எழுதினால் தவறு. அந்த 54.3-க்குள் யார் யார் என்று ஊர்க்கணக்கு சொல்லாது. ஆட்களிடம் நேரடியாகக் கேட்ட கருத்துக்கணிப்புதான் அதற்கு வேண்டும்.

"நம்மவர்கள் எல்லாரும் ஒரே பக்கம்" என்று நினைப்பது

வாக்களித்தவர்களிடம் அன்று ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய பெரிய கருத்துக்கணிப்பில், ஆசிய வம்சாவளி வாக்காளர்களில் 67 சதவீதம் பேர் நீடிக்க வாக்களித்ததாகச் சொன்னார்கள். பெரும்பான்மைதான். ஆனால் மூன்றில் ஒருவர் வெளியேற வாக்களித்திருக்கிறார். குடியேறியவர்களின் குடும்பத்திலிருந்து வந்தவர் எப்படிக் குடியேற்றக் கவலையோடு வாக்களிப்பார் என்று கேட்கிறவர்கள், அவர்களுடைய கணக்கைக் கேட்டதில்லை. ருமேனியாவிலிருந்து ஒருவர் விசா இல்லாமல் வந்து சமையலறையில் வேலைக்குச் சேரலாம். வங்கதேசத்திலிருந்து தேர்ந்த சமையல்காரரை அழைக்க வேண்டுமானால் இவ்வளவு சம்பளமாவது தர வேண்டும் என்ற கடுமையான வரம்பு. இது நியாயமா என்று கறி உணவக முதலாளிகள் கேட்டார்கள். வெளியேறினால் எல்லாருக்கும் ஒரே தராசு என்று, வெளியேறும் தரப்பில் பிரசாரம் செய்த அமைச்சர் பிரீத்தி பட்டேல் போன்றவர்கள் அவர்களிடம் பேசினார்கள். பிறகு ஏமாற்றப்பட்டதாக அந்தத் தொழிலில் சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் வசித்த இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இருந்தது. பத்து வருடமாக வரி கட்டிய போலந்துத் தொழிலாளிக்கு இல்லை.

ஒரே கேள்வியின் விடையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

அதே கருத்துக்கணிப்பில், வெளியேற வாக்களித்தவர்களில் 49 சதவீதம் பேர் "பிரிட்டனைப் பற்றிய முடிவுகளைப் பிரிட்டனே எடுக்க வேண்டும்" என்பதை முதல் காரணமாகச் சொன்னார்கள். 33 சதவீதம் பேர் குடியேற்றத்தையும் எல்லையையும் மீண்டும் கட்டுப்படுத்துவதைச் சொன்னார்கள். உடனே, "பாருங்கள், குடியேற்றம் இரண்டாமிடம்தான்" என்கிறார்கள். சரி, முடிவை நாமே எடுக்க வேண்டும் என்று சொன்னவர், எந்த முடிவை மனதில் வைத்துச் சொன்னார்? பலருக்கு அதில் எல்லைக் கட்டுப்பாடும் சேர்ந்தே இருந்தது. வெளியேறும் தரப்பின் முழக்கம் கட்டுப்பாட்டைத் திரும்ப எடுப்போம் என்பது. அந்த ஒரு முழக்கத்துக்குள் இரண்டும் அடங்கிவிட்டன.

இதைக் கூர்மையாக்கியது, 2010 முதல் 2016 வரை பிரதமராக இருந்த டேவிட் கேமரனின் வாக்குறுதி. வருடாந்தர நிகர குடியேற்றத்தை ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று 2010-ல் சொன்னார். ஒரு வருடம்கூட அது நடக்கவில்லை. தடையற்ற நடமாட்டம் இருக்கும்வரை பாதி வரவு அவர் கையிலேயே இல்லை. முடியாததைச் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புள்ளிவிவரம் வரும்போதெல்லாம் தோற்றார். 2016 பிப்ரவரியில் ஒன்றியத்தோடு பேசி அவர் வாங்கி வந்ததோ, புதிதாக வருகிறவர்களுக்கான அரசு உதவித்தொகையில் சில காலக் கட்டுப்பாடு. மக்கள் கேட்டது ஒன்று, அவர் வாங்கி வந்தது வேறொன்று.

வருமானக் கணக்கைக் காட்டி வாயடைக்கப் பார்ப்பது

ஒன்றிய நாட்டினர் அரசிடமிருந்து பெற்றதைவிட அதிகமாக வரி கட்டினார்கள் என்பது உண்மை. அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழுவும் 2018-ல் அதைத்தான் சொன்னது. ஆனால் லண்டன் கருவூலத்துக்குப் போன வரி, பாஸ்டன் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு ஆசிரியராகத் தானாக வந்துவிடாது. வரவு அதிகமான ஊர்களுக்கு உதவ 2009-ல் ஒரு சிறிய நிதியைத் தொழிற்கட்சி அரசு தொடங்கியது. 2010-ல் அடுத்த அரசு அதை மூடியது. என் பார்வையில் மிகப் பெரிய தவறுகளில் அது ஒன்று.

அதே 2010 ஏப்ரலில் ராச்டேல் நகரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கத் தொழிற்கட்சிக்கு வாக்களித்த ஓய்வூதியக்காரப் பெண்மணி ஒருவர் பிரதமர் கார்டன் பிரவுனிடம் கடன், ஓய்வூதியம், கல்வி என்று பலதையும் கேட்டார். நடுவே கிழக்கு ஐரோப்பியர்கள் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரவுன் சிரித்துப் பேசிவிட்டுக் காரில் ஏறினார். சட்டையில் மைக் அணைக்கப்படாமல் இருந்தது. அவரை வெறுப்புணர்வு கொண்ட பெண் என்ற பொருள்பட அவர் சொன்னதை நாடே கேட்டது. அன்றே அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ஆறு வருடம் கழித்து ராச்டேலில் 60 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். அந்த ஒரு நாளால் அது நடந்ததென்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்டாலே பட்டம் கட்டுவார்கள் என்ற எண்ணம் பலரிடம் அப்போதே ஊறியிருந்தது. இனவெறுப்பு இருக்கவே இல்லை என்பதும் இல்லை. இருந்தது, சிலர் அதைத் தூண்டியும் விட்டார்கள். அதற்காகக் கவலைப்பட்ட எல்லாரையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது நியாயம் ஆகாது.

2016-ல் நின்றுவிடுவது

வாக்கெடுப்புக்குப் பிறகு, நாட்டின் பெரிய பிரச்சினை குடியேற்றம் என்று சொன்னவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். வரவு நிற்கவில்லை, ஆனாலும் கவலை இறங்கியது. கட்டுப்பாடு கைக்கு வந்துவிட்டது என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2020 டிசம்பர் 31-ஓடு தடையற்ற நடமாட்டம் முடிந்தது. அப்புறம், தகுதிக்குப் புள்ளி கொடுத்து விசா வழங்கும் புதிய முறையில் மாணவர்கள், மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்கள், உக்ரைன், ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள் என்று சேர்ந்து, 2023-ல் நிகர குடியேற்றம் ஓராண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. ஒன்றியத்தில் இருந்தபோது ஒருநாளும் பார்க்காத எண். ஆங்கிலக் கால்வாயில் சிறு படகுகளில் வருகிறவர்களும் 2022-ல் 45,000-ஐத் தாண்டினார்கள். கவலை திரும்ப ஏறியது. 2024 பொதுத்தேர்தலில் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீத வாக்குகள் பெற்றது.

இப்போது பேச்சு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை விட்டு விலகுவதைப் பற்றியது. ரிஃபார்ம் அதைக் கேட்கிறது. கன்சர்வேட்டிவ் கட்சியும் 2025 அக்டோபரில் அதே நிலைப்பாட்டுக்கு வந்தது. இதையும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சேர்த்துக் குழப்புகிற கட்டுரைகள் தமிழில் வருகின்றன. அந்த உடன்படிக்கை, ஒன்றியத்திலிருந்து வேறான ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) என்ற தனி அமைப்பைச் சேர்ந்தது. அதன் நீதிமன்றம் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது, ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்க்கில். பிரெக்சிட் அதைத் தொடவே இல்லை.